கேப்பு வெடித்தது, மருந்து பற்றவில்லை: வாய்வழி கெட்டிக்கும் கைத்துப்பாக்கி ஒன்றின் பழுது குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அக்காள் மகன் இங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். இப்போது இங்கிலாந்தில் வேலை, குடும்பம், வீடு. அங்கே குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்து, பழைய மாதிரிக் கைத்துப்பாக்கி ஒன்றை இன்னொரு உறுப்பினரிடமிருந்து வாங்கினான். வாங்கிய நாளிலிருந்தே அது அடிக்கடி வெடிக்காமல் ஏமாற்றியது. துப்பாக்கி அங்கே, நான் இங்கே. முழுக்க வாட்சாப் படம், வீடியோ, கேள்வி பதில் வழியாகவே காரணங்களைப் பிரித்தெடுத்தோம். அதன் விவரம்தான் இது.

துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். ஒற்றைக் குழல், ஒரு தடவைக்கு ஒரு குண்டு. கரிமருந்தை முதலில் குழலின் வாய்வழியாகக் கொட்டி, மசகு தடவிய துணித் துண்டில் ஈயக் குண்டை வைத்து, தண்டால் அடிவரை இறக்க வேண்டும். குழலின் பின்பக்கத்தில் நிப்பிள் என்ற சின்ன எஃகுக் கூம்பு மரையில் இறுகி நிற்கும். அதன் நடுவே ஊசி நுழையும் அளவுக்குச் சின்னத் துளை. கூம்பின் மேல் செம்புக் கேப்பு ஒன்றை மாட்டி விசையை இழுத்தால், சுத்தியல் கேப்பை அடிக்கும், கேப்பு வெடிக்கும், அந்தத் தீ துளை வழியே இறங்கி மருந்தைப் பற்றவைக்கும். அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார். 1807-இல் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப்பு அதற்குப் பிறகு வந்தது. மருந்து அதைவிடப் பழையது: ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம்.

மருமகனுடையது இத்தாலியில் செய்த நகல். சுடும் போட்டிக்கென்றே செய்த வகை.

இங்கிலாந்தில் 1997-இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தபோது வாய்வழி கெட்டிப்பவற்றுக்கு விலக்கு தந்தார்கள். ஆனாலும் போலீஸ் தரும் சான்றிதழ் வேண்டும், கரிமருந்து வைத்திருக்கத் தனிச் சான்றிதழ் வேண்டும். அவனிடம் இரண்டும் உண்டு. மலேசியாவில் கதை வேறு. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1971-இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் இரண்டையும் தெரிந்தவர்கள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அதுவும் எங்கள் ஊரில். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுட்டதற்குப் பிறகுதான், பிரிட்டிஷ் அரசு அறிவித்த மலாயா அவசரகாலமே பிறந்தது. அதை நேரில் பார்த்த தலைமுறை வளர்த்த பிள்ளைகள் நாங்கள். துப்பாக்கி என்று பேச்சு வந்தால் குரல் தானாகத் தாழும். இந்தத் துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை, தொடப்போவதுமில்லை.

வந்த புகார்

அங்கே ஞாயிறு மதியம் சுட்டு முடித்தால் இங்கே இரவு எட்டு மணி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கூப்பிடுவான்.

“மாமா, சில நேரம் நல்லா வெடிக்குது, சில நேரம் வெடிக்கவே மாட்டேங்குது. நமத்துப்போன பட்டாசு மாதிரி.”

“எது வெடிக்கல? கேப்பா, மருந்தா?”

பதில் இல்லை. இரண்டும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தது. விசையை இழுத்தான், குண்டு போகவில்லை, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

அவன் சுடும் போட்டி வகைக்குக் குக்கன்ராய்ட்டர் (Kuchenreuter) என்று பெயர். 25 மீட்டர் தூரம், 30 நிமிடத்தில் 13 குண்டு, அதில் சிறந்த 10 மட்டும் கணக்கு. ஒவ்வொரு தடவையும் மருந்து, குண்டு, கேப்பு என்று கெட்டித்தாக வேண்டும் என்பதால் 30 நிமிடம் அப்படியொன்றும் தாராளம் இல்லை. நடுவில் இரண்டு மூன்று தடவை ஏமாற்றினால் நேரமும் போகும், கை நிதானமும் போகும். அந்த அவசரத்தில் அவன் ஏற்கெனவே கேப்பை வேறு தயாரிப்புக்கு மாற்றியிருந்தான், மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டியிருந்தான், பலமான ஸ்பிரிங்குக்கும் புதிய நிப்பிளுக்கும் ஆர்டர் கொடுக்கப் போயிருந்தான். கிளப்பில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

முதல் முடிவு: பழுதுக்கு முன் பாதுகாப்பு

கிளப் நண்பர் ஒருவர் எடுத்த வீடியோவை அனுப்பச் சொன்னேன். காரணத்தைத் தேடிப் பார்த்த எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. விசையை இழுத்தான், ‘டப்’ என்று கேப்பு மட்டும் வெடித்தது. இரண்டு விநாடிகூட ஆகவில்லை, துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பி நிப்பிளைக் குனிந்து பார்க்கிறான். பின்னாலிருந்து, சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் அதிகாரி போட்ட சத்தம் வீடியோவிலேயே கேட்கிறது.

கேப்பு வெடித்து மருந்து பற்றாமல் இருப்பது ஒரு வகை. கேப்பு வெடித்து, தீ துளைக்குள் எங்கோ கனன்றுகொண்டிருந்து, கொஞ்சம் தாமதித்து மருந்து பற்றுவது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு முதல் சில விநாடிகள் இரண்டும் ஒன்றுதான். எனவே காரணம் எதுவானாலும் சரி, முதலில் பழக்கத்தை மாற்று என்றேன். வெடிக்கவில்லையா, குழல் இலக்கைப் பார்த்தபடியே கையில் நிற்கட்டும். கிளப் விதிப்படி ஒரு நிமிடம் காத்திரு. அதன் பிறகுதான் புதிய கேப்பு. அதுவும் பலிக்கவில்லை என்றால் கையைத் தூக்கி அதிகாரியைக் கூப்பிடு. நீயாக எதையும் கழற்றாதே.

இந்த ஒன்றில் மட்டும் நான் கெஞ்சவில்லை, கட்டளையாகவே சொன்னேன். அக்காளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

நோட்டுப் புத்தகம் காட்டியது

இரண்டாவது முடிவு, எதையும் வாங்காமல் இருப்பது. பழைய கேப்பு, பழைய மருந்தளவு, பழைய நிப்பிள் என்று தொடக்க நிலைக்குத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன்: எத்தனையாவது குண்டு, கேப்பு வெடித்ததா, முதல் அடியிலா இரண்டாம் அடியிலா, மருந்து உடனே பற்றியதா தாமதித்தா, அன்றைக்குக் குளிரா மழையா.

முணுமுணுத்தான். விளையாட்டுக்குப் போகிறவனைக் கிராணி (கணக்கெழுதுபவர்) வேலை பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் சில ஞாயிறுகள் எழுதிய பிறகு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியபோது அவனுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பழுது ஒன்றல்ல, மூன்று.

முதல் வகை, அன்றைய முதல் குண்டில் மட்டும் வருவது. கேப்பு நன்றாகச் சத்தமாக வெடிக்கும், மருந்து அசையாது. இரண்டாவது வகை எங்கே வேண்டுமானாலும் வரும்: சுத்தியல் விழும், கேப்பே வெடிக்காது, மறுபடி இழுத்து அடித்தால் அதே கேப்பு வெடிக்கும். குளிர் அதிகமான காலைகளில் இது கூடுதலாக இருந்தது. மூன்றாவது, எட்டாவது ஒன்பதாவது குண்டுக்குப் பிறகு: ‘டப்’ என்று கேப்பு, ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் ‘டும்’. சில சமயம் அந்த ‘டும்’ வருவதே இல்லை.

இந்த மூன்றையும் ‘வெடிக்கல’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு வைத்திருந்ததால்தான் எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்ற இரண்டும் அதை மறைத்துவிடும்.

அன்றைய முதல் குண்டு

கேப்பு வெடித்தும் மருந்து பற்றவில்லை என்றால், தீ போகிற வழியில் ஏதோ தடை இருக்கிறது. முதல் குண்டில் மட்டும் என்றால் அந்தத் தடை துப்பாக்கி வீட்டில் சும்மா இருந்த நாட்களில் வந்தது. முந்தைய வாரம் சுட்டதில் வந்திருந்தால் கடைசிக் குண்டிலேயே தெரிந்திருக்கும்.

“சுட்டு முடிச்சு வீட்டுக்கு வந்ததும் என்ன பண்ணுவே?”

“சுடுதண்ணியில கழுவுவேன், துடைப்பேன், எண்ணெய் போடுவேன் மாமா.”

“எவ்வளவு?”

கேமராவைத் திருப்பிக் காட்டினான். துப்பாக்கி இரும்பு அலமாரிக்குள் வாய் மேலே பார்த்தபடி சாய்ந்து நின்றது. அருகில் கொண்டு வரச் சொன்னேன். நிப்பிள் துளையின் வாயில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு எண்ணெய் திரண்டு, விளக்கொளியில் மினுங்கிக்கொண்டு நின்றது. குழலுக்குள் ஊற்றியதெல்லாம் ஒரு வாரமாக மெதுவாக இறங்கி, தீ போக வேண்டிய வழியில் குடியேறியிருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கத் தேவையில்லை. அவன் அம்மா பால்மரம் வெட்டியவள். பால் வெட்டும் கத்தி, பாராங் என்ற வெட்டுக்கத்தி, மண்வெட்டி எதுவானாலும் எண்ணெய் பூசாமல் லயத்து வாசலில் வைத்தால் மறுநாள் காலையில் துரு பூத்திருக்கும். மழைக்காலத்தில் பூட்டுகூடத் திறக்காது. பட்டறையில் நாங்கள் பழைய இன்ஜின் எண்ணெயைத் தகர டப்பாவில் வைத்து, கருவிகளை அதில் முக்கி எடுத்தே தொங்கவிடுவோம். இரும்பைக் கண்டால் தாராளமாக எண்ணெய் விடு என்பது இந்த ஊர்ப் பாடம். அதைத்தான் அவன் பத்திரமாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

குழலுக்குள் ஒன்றும் கெட்டிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நிப்பிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். இந்த வகைக் குழலின் அடியில், மருந்து தங்கும் இடத்தில், குழலைவிடக் குறுகலான ஒரு சிற்றறை இருக்கிறது. வழக்கமாகக் குழலைத் துடைக்கும் துணி அதற்குள் நுழையாது; வாசலில் நின்றுவிடும். சின்னக் குழலுக்கான பிரஷ் ஒன்றைச் சுடுநீரில் தோய்த்து உள்ளே விட்டுச் சுழற்றினான். முதலில் வந்தது கறுப்புக் கசடும் எண்ணெயும் கலந்த களிம்பு. அப்புறம் சில நூல் இழைகள். எப்போதோ துடைத்த துணியிலிருந்து பிய்ந்து உள்ளேயே தங்கிவிட்டவை. முந்தைய உரிமையாளர் காலத்து நூலாகக்கூட இருக்கலாம்.

எண்ணெயையே நிறுத்திவிடட்டுமா என்று கேட்டான். கூடாது. கரிமருந்து எரிந்த கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். இங்கிலாந்துக் குளிரிலும் அதே கதைதான். எண்ணெய் அலமாரியில் இருக்கும்வரை நண்பன், மருந்து கெட்டிக்கும்போது எதிரி. இப்படி முடிவு செய்தோம்: கழுவி நன்றாக உலர்த்திய பிறகு, துணியில் தடவிய மெல்லிய எண்ணெய் மட்டும். அலமாரியில் வாய் கீழே பார்க்கும்படி, அடியில் டிஷ்யூ தாள் மடித்து வைத்து நிறுத்துவது. சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் குழலையும், ஸ்பிரிட் தொட்ட பிரஷால் சிற்றறையையும் துடைப்பது.

வழி திறந்துவிட்டதா என்று சோதிக்க ஒரு முறை உண்டு. ரேஞ்சில், மருந்து இல்லாத வெறும் குழலில், தண்டின் முனையில் உலர்ந்த வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, கேப்பை மட்டும் வெடிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு, குழலை இலக்குப் பக்கம் பிடித்தபடிதான் இதையும் செய்ய வேண்டும். துணியை எடுத்துப் பார்த்தால் தீ எட்டியதா இல்லையா என்று அதுவே சொல்லும். அவன் அனுப்பிய முதல் படத்தில் துணியில் ஈரமான சாம்பல் வளையம்தான் இருந்தது, கருகல் இல்லை. மறுபடி துடைத்து, இன்னும் இரண்டு கேப்பு வெடித்த பிறகு வந்த படத்தில் நடுவில் பழுப்பாகப் பொசுங்கிய ஒரு பொட்டு. அதற்கப்புறம்தான் மருந்து கெட்டித்தான். முதல் வகைப் பழுது அந்த ஞாயிறோடு நின்றது.

இரண்டாம் அடியில் வெடிக்கும் கேப்பு

அதிக நேரம் பிடித்தது இதுதான்.

ஒரு கேப்பு முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடித்தால், கேப்பில் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. முதல் அடியின் வேகம் வேறெதிலோ செலவாகியிருக்கிறது. கேப்பு கூம்பில் முழுதாக இறங்கி உட்காராமல் இருந்தால், சுத்தியலின் முதல் அடி அதைக் கீழே தள்ளி உட்காரவைப்பதிலேயே தீர்ந்துவிடும். உட்கார்ந்த கேப்பை இரண்டாம் அடி வெடிக்கவைக்கும். இல்லையென்றால் சுத்தியல் மெதுவாக விழுகிறது. இரண்டுமாகவும் இருக்கலாம்.

கிளப்பில் பெரும்பாலானவர்கள் சொன்னது பலமான ஸ்பிரிங். எனக்கு அதில் சம்மதமில்லை. பலமான ஸ்பிரிங் போட்டால் பழுது மறையும், தீராது. உட்காராத கேப்பையும் ஒரே அடியில் நசுக்கி வெடிக்கவைக்கும். கூடவே நிப்பிளின் தலையையும் சீக்கிரமே நசுக்கிவிடும். இன்ஜினில் எங்கோ உரசினால் உரசும் இடத்தைப் பார்க்காமல் பெரிய மோட்டார் மாட்டச் சொல்பவர்களைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செலவில்லாததையும் திருப்பி மாற்றக்கூடியதையும் முதலில் செய்வோம் என்று வைத்துக்கொண்டோம். சுத்தியலின் வேகத்தைத்தான் முதலில் பார்த்தோம். குளிர் நாளில் கூடுதல் என்று நோட்டு சொன்னது நினைவில் இருந்தது. சுத்தியலை இயக்கும் விசைப் பெட்டியைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அங்கேயும் ஊர்ப் பாடம்தான்: பற்கள், ஸ்பிரிங் எல்லாவற்றையும் மூடி, சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ். துரு வராது, உண்மை. ஆனால் ஸ்பிரிங் அந்தக் கிரீஸையும் சேர்த்துத் தள்ள வேண்டும்.

அதே வகைக் கிரீஸ் என்னிடம் இருந்தது. ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன் (வீட்டில் இதற்கு வந்த எதிர்ப்பை இங்கே எழுத வேண்டாம்). நம் ஊர்ச் சூட்டில் விரலில் வழுக்கிக்கொண்டு போவது, மறுநாள் காலையில் கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை பதிந்து அப்படியே நின்றது. கரண்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். குளிர்காலக் காலையில் துப்பாக்கியைக் காரின் பின்னால் வைத்து ரேஞ்சுக்குப் போகிறவனுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டாம் என்றேன். அதற்கென்று கவ்வி வேண்டும், இல்லாமல் செய்தால் ஸ்பிரிங் உடையும் அல்லது விரல் போகும். விசைப் பெட்டியை முழுதாக வைத்தே கரைப்பானில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, சுழலும் இடங்களில் மட்டும் ஊசியால் மெல்லிய எண்ணெய் தொட்டுவைத்தான். அடுத்த ஞாயிறு நோட்டில் இரண்டாம் வகைப் பழுது பாதிக்குமேல் குறைந்திருந்தது. நிற்கவில்லை.

அப்புறம் நிப்பிள். கூம்பின் வெளிப்புறம் முழுதும் கறுப்பு மார்க்கரைப் பூசி, ஒரு கேப்பைக் கையால் அழுத்தி மாட்டி, மெதுவாக எடுத்துப் பார்க்கச் சொன்னேன். மை உரசிப்போன இடம் கூம்பின் மேல் விளிம்பில் மட்டும், மெல்லிய வளையமாக இருந்தது. கீழே மை அப்படியே இருந்தது. கேப்பு வாசலிலேயே இறுகி நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்து எடுத்த படத்தில் காரணமும் தெரிந்தது. நிப்பிளின் தலை அடிபட்டு அடிபட்டு ஓரம் வெளியே விரிந்திருந்தது. கேப்பு மாட்டாமல் வெறும் நிப்பிள் மேல் சுத்தியலை விட்டுக்கொண்டே இருந்தால் இப்படித்தான் ஆகும். வாங்குவதற்கு முன்பே ஆனது. விற்றவர் நல்ல மனிதர்தான், அவரும் கவனித்திருக்க மாட்டார்.

ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடலாமா என்று கேட்டான். தேய்க்கலாம்தான். ஆனால் விரிந்த தலை என்றால் நீளமும் கொஞ்சம் குறைந்திருக்கும், துளையும் கெட்டிருக்கலாம். நிப்பிள் என்பது தேய்ந்தால் மாற்றும் உதிரிதான், விலையும் அதிகமில்லை. புதியது வாங்கு, ஆனால் ஆர்டர் கொடுக்கும் முன் மரையை அள என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவன் கடைக் கூடையில் போட்டு வைத்திருந்தது 6 மில்லிமீட்டர் மரை உள்ள நிப்பிள். இத்தாலிப் பொருள், மில்லிமீட்டர்தானே இருக்கும் என்ற கணக்கு. பழைய நிப்பிளை வெர்னியர் அளவுகோலில் வைத்து எடுத்த படத்தில் 6.3 என்று காட்டியது. அது கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் நிப்பிள் அந்தத் துளைக்குள் போகும், இரண்டு மூன்று சுற்றில் மரை இடறி இறுகவும் செய்யும். இறுகியதைப் பார்த்துச் சரியாகப் பொருந்திவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே மருந்து வெடிக்கும்போது அந்த நிப்பிளைப் பிடித்து நிறுத்துவது ஒன்றுமே இல்லை; அது சுடுபவன் முகத்துக்கு நேராகத்தான் இருக்கிறது. அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்து கிடக்கும் தோட்டப் பட்டறையில் கை பழகியவனுக்கு இது முதல் பாடம். கூடையைக் காலி செய்துவிட்டுச் சரியான மரையில் இரண்டு வாங்கினான், ஒன்று மாற்றாக இருக்கட்டும் என்று.

புதிய நிப்பிளில் மார்க்கர் சோதனையை மறுபடி செய்தான். மை கூம்பு நீளத்துக்கும் உரசியிருந்தது, கேப்பின் உட்கூரை நிப்பிள் தலையைத் தொட்டிருந்தது. வெடித்த கேப்புகளைச் சேர்த்து வைத்துப் படம் அனுப்பச் சொன்னேன். அடி விழுந்த தழும்பு நடுவிலேயே வட்டமாக இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சுத்தியலின் தலையையும் பார்த்திருக்க வேண்டும். தேவைப்படவில்லை.

கடைசிக் குண்டுகள்

மூன்றாவது வகையில் அதிகம் ஆராய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் குழலைத் துடைப்பது நல்ல பழக்கம். அவன் துடைத்தது சொட்டச் சொட்ட நனைத்த துணியால், அதுவும் குழலில் இறுக்கமாகப் போகிற துணி. அது கசடைக் கரைத்துக் குழம்பாக்கி, பிஸ்டன் தள்ளுவதுபோல அடியிலிருக்கும் சிற்றறைக்குள் தள்ளிவிடும். எட்டுக் குண்டுக்குள் தீ போகும் வழி சேறாகிவிடுகிறது.

ஈரம் பட்டும் படாத துணி, கொஞ்சம் தளர்வான அளவு, அதைத் தொடர்ந்து ஓர் உலர்ந்த துணி என்று மாற்றினான். குண்டைச் சுற்றும் துணியில் மசகு சொட்டாதபடி பிழிந்து வைத்தான். மூன்று நான்கு குண்டுக்கு ஒரு தரம், மருந்து கெட்டிப்பதற்கு முன்பே, மெல்லிய கம்பியால் நிப்பிள் துளையைக் குத்திவிட்டான். ‘டப்’புக்கும் ‘டும்’முக்கும் நடுவில் இருந்த இடைவெளி காதுக்குக் கேட்காத அளவுக்குப் போனது.

பிறகு நடந்தது

அந்தக் குளிர்காலத்திலேயே கிளப் போட்டி ஒன்றில் 13 குண்டையும் நேரத்துக்குள் சுட்டு முடித்தான். மதிப்பெண் சுமார்தான். துப்பாக்கியைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை என்று அவனே சொன்னான்.

முழுதும் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். எப்போதாவது ஒரு கேப்பு இரண்டு அடி வாங்கியும் வெடிப்பதில்லை. அப்படி வெடிக்காதவற்றைத் தனி டப்பாவில் போட்டு, எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று எழுதிவைக்கிறான். இதுவரை அவை ஒரே பெட்டியைச் சேர்ந்தவை. அது கேப்பின் குறை என்று எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டான். ஒரு தடவை, மழை நாளில், மருந்தே ஈரமாகிப்போய் இரண்டு மூன்று கேப்பு வெடித்தும் பற்றவில்லை. கையைத் தூக்கினான். அதிகாரி வந்து, காத்திருந்து, நிப்பிளைக் கழற்றி, அந்த வழியே நுண்ணிய மருந்து சில துகள்களை உள்ளே தட்டிவிட்டு, மறுபடி இறுக்கிச் சுடவைத்தார். குண்டு இலக்கை நோக்கிப் போய்விட்டது, வேலை முடிந்தது. பழைய பழக்கமாக இருந்தால் அவன் குழலைத் திருப்பி எட்டிப் பார்த்திருப்பான்.

அக்காளுக்கு மட்டும் இன்னும் ஒரு வருத்தம். வீடியோ காலில் துப்பாக்கி வறண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, “இரும்புக்கு எண்ணெய் விடாம இப்படிப் போட்டு வச்சிருக்கானே” என்கிறாள்.

இன்னொரு முறை என்றால்

இதே வகைத் துப்பாக்கியைப் பழையதாக வாங்குகிறவர், காசு கொடுக்கும் முன்பே நிப்பிளைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். தலை விரிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பது, மரையை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்வது, சிற்றறைக்குள் டார்ச் அடிப்பது. மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும். இவற்றைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

நோட்டுப் புத்தகத்தை முதல் ஞாயிறே தொடங்க வேண்டும், பழுது வந்த பிறகல்ல. நன்றாக ஓடும் நாளின் பதிவு இருந்தால்தான் கெட்ட நாளை அதோடு ஒப்பிட முடியும். அதில் இன்னொரு பத்தியும் சேர்த்திருக்கிறோம்: முந்தைய தடவை எப்படிக் கழுவினான், எவ்வளவு எண்ணெய் தொட்டான் என்பது. முதல் வகைப் பழுதுக்கான விடை அந்தப் பத்தியில்தான் இருந்தது, நான் வாயால் கேட்டுப் பிடுங்க வேண்டியிருந்தது.

நிப்பிளின் துளையையும் இனி அளந்துகொண்டே இருக்க வேண்டும். புதியதில் சுமார் 0.7 மில்லிமீட்டர். சுடச் சுட அரித்துப் பெரிதாகும். பெரிதானால் வாயு பின்னால் சீறிச் சுத்தியலைத் தூக்கும், வெடித்த கேப்பின் சில்லு தெறிக்கும். அதற்கு அளவான டிரில் முனை ஒன்றை அவன் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறான். அதன் பின்புறத் தண்டு துளைக்குள் தளர்வாக நுழையும் நாளில் மாற்று நிப்பிளை மாட்ட வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது.